கங்கையில் அழகால் வந்த ஆபத்து: காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங் யார்? சிங்கவரம் கொற்றவையோடு சேர்த்து ஏன் பார்க்க வேண்டும்?

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோட்டையும் ராஜா தேசிங்கும்தான். வார இறுதியில் வருகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சிங்கவரத்துக்குப் போகிறவர்கள் குறைவு.

போனால் என்ன பார்க்கலாம்? படி ஏறிப் போனால் பல்லவர் காலக் குடைவரைக் கோயில். உள்ளே, பாறையிலேயே செதுக்கப்பட்ட அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அதே பாறையில் எருமைத் தலைமேல் கால் வைத்து நிற்கும் கொற்றவை. மெலிந்த உடல், ஒடுங்கிய இடை, நீண்ட கைகால்கள். காலடியில் மண்டியிட்ட பக்தர்கள். பல்லவச் சிற்பிக்கு அழகு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேறு புத்தகம் தேவையில்லை, இந்தச் சிற்பம் போதும்.

பல்லவர்கள் இப்படிப் பாறைகளைக் குடைந்துகொண்டிருந்த அதே 7-ஆம் நூற்றாண்டில், அவர்களுடைய தலைநகர் காஞ்சிபுரத்துக்கு ஒரு சீனத் துறவி வந்தார். வழியில் பார்த்த மனிதர்களின் முகம், நிறம், பல், முடி, காது என்று எல்லாவற்றையும் பதிவு செய்தார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாக நாம் படித்த யுவான் சுவாங்தான் அவர்.

அவரைப் பற்றி இப்போது எதற்கு? சமூக வலைதளங்களில் சீன, கொரிய அழகுக் குறிப்புகள்தான் இன்று டிரெண்டிங். அரிசி கழுவிய தண்ணீரில் முகம் கழுவுவதில் தொடங்கி, கண்ணாடி மாதிரி பளபளக்கும் வெள்ளைத் தோல், கூரான தாடை, ஒல்லியான உடல் என்று பட்டியல் நீள்கிறது. சீனர் மாதிரி ஆகணும் என்று நாம் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால், சீனாவிலிருந்து வந்த ஒருவரின் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிந்தோம் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே?

தோற்றத்தைப் பார்த்துக் கிடைத்த துறவு

யுவான் சுவாங் 602-ஆம் ஆண்டு, சீனாவின் லுவோயாங் நகருக்கு அருகே பிறந்தார். சில ஆய்வாளர்கள் 600 என்றும் சொல்வதுண்டு. படித்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் கன்பூசிய நூல்களில் தேர்ந்தவர்கள். நான்கு ஆண் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அண்ணன் ஒருவர் ஏற்கெனவே புத்தத் துறவி. அவரோடு மடத்தில் தங்கித்தான் சிறுவன் நூல்களைப் படிக்கத் தொடங்கினான்.

அந்தக் காலத்துச் சீனாவில் யார் வேண்டுமானாலும் துறவியாகிவிட முடியாது. அரசு அனுமதி வேண்டும். லுவோயாங்கில் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துத் துறவு கொடுக்க அரசு ஆணை வந்தது. விண்ணப்பித்தவர்கள் நூற்றுக்கணக்கில். யுவான் சுவாங்குக்கு வயது பத்தவில்லை. ஆனாலும் போய் வாசலில் நின்றார்.

தேர்வு செய்ய வந்த அதிகாரி செங் ஷான்குவோ. ஒருவரின் தோற்றத்தைப் பார்த்தே அவர் எப்படிப்பட்டவர் என்று கணிப்பதில் பெயர் பெற்றவர். வாசலில் நின்ற சிறுவனைக் கூப்பிட்டுப் பேசினார். நூலை மனப்பாடம் செய்வது யாருக்கும் வந்துவிடும், இப்படியொரு நிமிர்வும் தோற்றமும் அமைவது அரிது என்று முடிவு செய்தார். விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டார். அப்போது யுவான் சுவாங்குக்கு வயது 13 என்று சொல்லப்படுகிறது.

அதாவது, உடல் அழகைப் பொருட்படுத்தக் கூடாது என்று சொல்லும் துறவு வாழ்க்கைக்குள் அவர் நுழைந்ததே தோற்றத்தின் தயவால்தான்.

பார்க்க எப்படி இருந்தார்? அவருடைய சீடர் ஹுய்லி எழுதத் தொடங்கி, யென்சோங் என்பவர் 688-இல் முடித்த வாழ்க்கை வரலாற்றில் வர்ணனை இருக்கிறது. நல்ல உயரம். வெளுப்பில் லேசான செம்மை கலந்த நிறம். நெருக்கமாக இல்லாமல் விரிந்து அமைந்த புருவம், தெளிவான கண்கள். நடக்கும்போது அக்கம்பக்கம் பார்க்காமல் நேராகப் பார்த்து நடப்பார். மொத்தத்தில் ஓவியம் போல இருந்தார் என்று சீடர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குருவைப் பற்றிச் சீடர்கள் சொல்வதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். ஆனால் 7-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் ஓர் ஆண் எப்படி இருந்தால் அழகு என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

தட்டையான தலைதான் அழகு!

புத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மூல நூல்களைத் தேடி இந்தியா போவது என்று முடிவெடுத்தார். எல்லையைத் தாண்ட அரசு தடை போட்டிருந்த காலம் அது. 629-இல் (627 என்றும் ஒரு கணக்கு உண்டு) தடையை மீறி, யாருக்கும் தெரியாமல் கிளம்பினார். பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கவிழ்ந்து, நாலைந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார். காவோசாங் நாட்டு அரசர் தன்னோடே தங்கச் சொல்லி மறித்தபோது, உண்ணாவிரதம் இருந்து விடுதலை வாங்கினார்.

அதன் பிறகு வந்தது கூச்சா நாடு. இன்றைய சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் இருந்த சோலை நகரம். அங்கே அவர் கண்ட ஒரு வழக்கம் விசித்திரமானது. குழந்தை பிறந்ததும் அதன் தலையைப் பலகை வைத்து அழுத்துவார்கள். தலை தட்டையாக வர வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்தார்கள். திரும்பி வரும் வழியில் காஷ்கரிலும் இதே வழக்கத்தைக் குறித்துக்கொண்டார். அங்கிருந்தவர்கள் உடலில் பச்சை குத்தியிருந்தார்கள், கண்கள் பச்சை நிறம். தோற்றம் நயமாக இல்லை என்று தன் கருத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். பிள்ளையின் தலையைப் பலகையால் அழுத்துவதா என்று நமக்குப் பதறும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலை உருண்டையாக வரட்டும் என்று பாட்டிமார் கையால் பிடித்துவிடுகிறார்கள். மூக்கு எடுப்பாக வரணும் என்று உருவிவிடுகிறார்கள். பலகைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் பிறந்த உடம்பு அப்படியே போதாது, ஊர் சொல்லும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவரணும் என்கிற எண்ணம் ஒன்றுதான்.

இந்தியர்களைப் பார்த்து என்ன எழுதினார்?

சமர்கண்ட், பாமியான் வழியாக இந்தியாவுக்குள் வந்தார். காஷ்மீரில் இரண்டு ஆண்டுகள் படித்தார். பிறகு கங்கைச் சமவெளி.

அவருடைய பயண நூலில் இந்தியர்களின் தோற்றம் பற்றித் தனியாக ஒரு பகுதியே உண்டு. அதில் உள்ள விவரங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்:

- வெள்ளை உடைக்குத்தான் மதிப்பு. பல நிறம் கலந்த துணியை அதிகம் விரும்புவதில்லை.
- உச்சியில் சிறு கொண்டை, மிச்ச முடியைத் தொங்கவிடுவார்கள். தலையில் பூமாலை, கழுத்தில் அணிகலன்.
- காது குத்திக்கொள்வார்கள். கண்கள் பெரியவை.
- குளித்துவிட்டுச் சந்தனம் போன்ற வாசனைப் பொருட்களை உடம்பில் பூசுவார்கள்.
- பலர் செருப்பு அணிவதில்லை.
- பல்லைச் சிவப்பாகவோ கருப்பாகவோ சாயம் ஏற்றிக்கொள்வார்கள்.

கடைசி விஷயத்தைக் கவனியுங்க. வெள்ளைப் பல்தான் அழகு என்று டூத்பேஸ்ட் விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆச்சரியம். ஆனால் வெற்றிலை போட்டுச் சிவந்த வாய் அழகு என்று சொன்ன தலைமுறை நம் வீட்டிலேயே இருந்தது. ஜப்பானிலும் வியட்நாமிலும் பல்லைக் கருப்பாக்கிக்கொள்வது 19, 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் அழகாகவும் கௌரவமாகவும் இருந்தது. வெள்ளைப் பல் மேல் உலகம் முழுக்க வந்திருக்கும் மோகம் ரொம்பப் பழசு இல்லை.

கங்கையில் என்ன நடந்தது?

அவர் வாழ்க்கையிலேயே மோசமான நாள் ஒன்று அயோத்திக்குக் கிழக்கே கங்கையில் வந்தது. 80-க்கும் மேற்பட்ட பயணிகளோடு படகில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு கரையிலும் அசோக மரக் காடு. அதற்குள்ளிருந்து பத்துப் படகுகளில் கொள்ளைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

அவர்கள் துர்க்கையை வழிபடுகிறவர்கள். ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர் காலத்தில் நல்ல உடற்கட்டும் முக லட்சணமும் உள்ள ஓர் ஆணைத் தேடிப் பிடித்து அம்மனுக்குப் பலி கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்த வருடத்துக்கு ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்த நேரம். படகில் இருந்த சீனத் துறவியைப் பார்த்ததும் தேடல் முடிந்துவிட்டது. லுவோயாங்கில் துறவு வாங்கிக் கொடுத்த அதே தோற்றம் இங்கே கழுத்துக்குக் கத்தியைக் கொண்டுவந்தது.

கூட வந்தவர்கள் அழுதார்கள். சிலர் அவருக்குப் பதிலாகத் தங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொள்ளைக்காரர்கள் கேட்கவில்லை. மண்ணைக் குழைத்துப் பலிமேடை அமைத்தார்கள். யுவான் சுவாங் பதறவில்லை. மனதை அமைதிப்படுத்தக் கொஞ்ச நேரம் மட்டும் கேட்டார். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரை நினைத்துத் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று புயல் கிளம்பியது. மரங்கள் முறிந்தன. படகுகள் கவிழ்ந்தன. பயந்துபோன கொள்ளைக்காரர்கள் இவர் யார் என்று விசாரித்தார்கள். தெரிந்ததும் காலில் விழுந்தார்கள். ஆயுதங்களை ஆற்றில் எறிந்துவிட்டு, கொள்ளையடித்த பொருட்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். சீடர்கள் எழுதிய வரலாறு சொல்லும் கதை இது. புயலை அற்புதம் என்று அவர்கள் நம்பினார்கள். நாம் தற்செயல் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

சிங்கவரம் கொற்றவையை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். கொற்றவைக்குத் தன்னையே பலி கொடுக்கும் வீரர்களைத் தமிழகச் சிற்பங்களிலும் பார்க்கலாம். மாமல்லபுரம் திரௌபதி ரதத்தில், தேவியின் காலடியில் தன் தலையை அரிந்து கொடுக்க முனையும் வீரன் செதுக்கப்பட்டிருக்கிறான். குறையில்லாத உடம்பைத்தான் தெய்வத்துக்குக் கொடுக்கணும் என்பது அந்த நம்பிக்கை. அழகு என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் இருந்தது: பலிக்குத் தகுதியானது.

காஞ்சிபுரத்தில் கண்டது

நாளந்தாவில் சீலபத்திரரிடம் பல ஆண்டுகள் படித்தார். பிறகு வங்கம், ஒடிசா, ஆந்திரம் வழியாகக் கிழக்குக் கரையோரம் தெற்கே வந்தார். ஏறக்குறைய 640-இல் காஞ்சிபுரம். அப்போது பல்லவ மன்னர் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்டுகொண்டிருந்தார்.

திராவிட நாடு என்று அவர் குறிப்பிடும் இந்தப் பகுதியைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதினார். வளமான மண், நல்ல விளைச்சல், பூவும் பழமும் நிறைய. மக்கள் துணிச்சல்காரர்கள், நம்பகமானவர்கள், கல்வியை மதிப்பவர்கள். மொழியும் எழுத்தும் வட இந்தியாவிலிருந்து கொஞ்சம் மாறுபட்டவை. 100-க்கும் மேற்பட்ட புத்த மடங்களும் சுமார் 10,000 துறவிகளும் இருந்தார்கள். 80 கோயில்கள். ஆடை அணியாத சமணத் துறவிகள் ஏராளம்.

அந்தச் சமணத்தின் தடத்தை இன்றைக்கும் பார்க்கணுமா? சிங்கவரத்துக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். நகை இல்லை, உடை இல்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழமையான கல்வெட்டும் அங்கே உண்டு. உடம்பை அழகுபடுத்துவது இருக்கட்டும், உடம்பையே கழற்றி வைப்பதுதான் பெரிது என்று நினைத்தவர்கள் வாழ்ந்த குன்று அது. கொற்றவையின் ஒயிலான உடலும் தீர்த்தங்கரரின் வெற்று உடலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே வட்டாரத்துக்குள்ளேயே அழகைப் பற்றி இரண்டு கருத்து.

யுவான் சுவாங் சிங்கவரத்துக்கு வந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. காஞ்சியிலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏற நினைத்திருந்தார். ஆனால் அங்கிருந்து வந்த துறவிகள், அரசர் இறந்து நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாகச் சொன்னார்கள். பயணத்தைக் கைவிட்டு மேற்கே திரும்பிவிட்டார்.

நிறத்தைப் பற்றி அவர் எழுதியது சரியா?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருவோம்.

காஞ்சி மக்களின் தோல் நிறத்தை யுவான் சுவாங் குறிப்பிடவே இல்லை. ஆனால் அதற்குத் தெற்கே இருந்த மலகூடம் என்ற நாட்டைப் பற்றி எழுதும்போது குறிப்பிடுகிறார். இது பாண்டிய நாடு என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அங்கே வெயில் கடுமை, மக்கள் பெரும்பாலும் கருப்பு, முரட்டுச் சுபாவம், கல்வியில் நாட்டமில்லை, வியாபாரத்தில் மட்டும் கெட்டி என்று பதிவு செய்கிறார்.

மதுரைக்காரர்கள் கோபப்பட வேண்டாம். அவர் அங்கே போகவே இல்லை, காஞ்சியில் கேள்விப்பட்டதை எழுதினார் என்றுதான் பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சங்கம் வளர்த்த நாடு என்று தமிழ் மரபு கொண்டாடும் மண்ணுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று ஒரு சான்றிதழ்! நேரில் பார்க்காமல் எழுதினால் எவ்வளவு பெரிய அறிஞருக்கும் இதுதான் நடக்கும். பார்க்காத இலங்கை மக்களையும் அவர் குள்ளம், கருப்பு, முரடு என்றுதான் எழுதியிருக்கிறார்.

அதற்காக அவரை நிற வெறி பிடித்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஒடிசாப் பகுதி மக்களை உயரமானவர்கள், கருத்த நிறத்தவர்கள் என்று எழுதிய கையோடு, சலிக்காமல் படிப்பவர்கள் என்றும் பாராட்டியிருக்கிறார். நேரில் பார்த்த இடத்தில் நிறம் ஒரு தகவல் மட்டும்தான். கேள்விப்பட்ட இடத்தில்தான் நிறத்தோடு குணமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நிறத்துக்குக் காரணம் என்ன என்பதில் இன்று குழப்பம் இல்லை. வெயில் அதிகமுள்ள நாடுகளில் புற ஊதாக் கதிரிலிருந்து உடம்பைக் காக்க, தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அப்படி அமைந்த பாதுகாப்பு அது. குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தமிழில் கருப்பு எப்போது குறையானது?

தமிழ் படித்தவர்களுக்கு இது தெரியும். சங்கப் பாடல்களில் தலைவியின் நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம். இன்று நாம் சொல்லும் மாநிறத்தோடு உறவுள்ள சொல். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை போய் உடம்பில் வெளிறிய நிறம் படரும். அதற்குப் பெயர் பசலை. பசலை வந்தால் அழகு போச்சு என்று தோழி கவலைப்படுவாள். அதாவது, அந்தக் கவிதைகளில் வெளுத்துப்போவதுதான் நோய். மாநிறம்தான் ஆரோக்கியம், அதுதான் அழகு.

கடவுளுக்கும் அப்படித்தான். சிங்கவரத்தில் படுத்திருக்கும் பெருமாளைக் கார்மேக நிறத்தவர் என்று சொல்லித்தான் கும்பிடுகிறோம். செஞ்சிப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெண் பார்க்கும் படலம் கோயிலில்தான் நடக்கும். கருத்த பெருமாளைச் சேவித்துவிட்டு, பிரகாரத்தில் நின்று பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருக்கிறது. பெண்ணின் படிப்பு, வேலை எதுவும் பேச்சுக்கே வரவில்லை.

1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம், எதிர்ப்புகளுக்குப் பிறகு 2020-இல் குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிவிட்டது. கல்யாண விளம்பரங்களில் சிவந்த நிறம் என்ற சொல் மாறவில்லை.

சீனாவில் மட்டும் அழகு மாறாமல் இருந்ததா?

இல்லவே இல்லை. யுவான் சுவாங் வாழ்ந்த தாங் அரச காலத் தொடக்கத்தில் மண் பொம்மைகளிலும் சுவரோவியங்களிலும் பெண்கள் ஒல்லியாகத்தான் இருந்தார்கள். அவர் இறந்து நூறு ஆண்டுக்குள் நிலைமை தலைகீழ். பூசின கன்னமும் பருத்த உடலும்தான் அழகு என்றானது. அந்தக் காலத்தின் பேரழகியாகச் சீனர்கள் இன்றும் சொல்லும் யாங் குயிஃபெய் (719–756) சதைப்பிடிப்பான உடல்வாகு கொண்டவர் என்பதுதான் மரபு. நெற்றியில் நம் பொட்டு மாதிரியே அலங்காரம் வைத்துக்கொள்வதும் தாங் காலப் பெண்களிடம் இருந்தது.

அதற்குப் பின் வந்த சோங் அரச காலத்தில் பெண்களின் பாதத்தைச் சிறுவயதிலேயே இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் பரவியது. எலும்பு முறிந்து, வாழ்நாள் முழுக்க நடக்கச் சிரமப்பட்ட பெண்கள் லட்சக்கணக்கில். 20-ஆம் நூற்றாண்டில்தான் அது முடிவுக்கு வந்தது. கூச்சாக்காரர்கள் குழந்தையின் தலையை அழுத்துவதைக் குறித்துக்கொண்ட யுவான் சுவாங்கின் சொந்த நாட்டிலேயே, பின்னாளில் குழந்தையின் காலை ஒடித்தார்கள்.

இன்றைய சீனாவில் மறுபடி ஒல்லி, வெள்ளை. வெளுத்த நிறம் இருந்தால் மற்ற குறைகள் மறைந்துவிடும் என்கிற பொருளில் அங்கே ஒரு பழமொழியே உண்டு. வயலில் வெயிலில் வேலை செய்கிறவர்கள் கருத்திருப்பார்கள், வீட்டு நிழலில் இருக்கும் வசதியானவர்கள் வெளுத்திருப்பார்கள் என்ற பழைய கணக்குதான் அதன் வேர். நம் ஊரிலும் அந்தக் கணக்கு உண்டு. இங்கே சாதியும் வெள்ளைக்காரர் ஆட்சியும் அதோடு சேர்ந்துகொண்டன.

கடைசி வரை விடாத அழகு

645-இல் யுவான் சுவாங் சீனத் தலைநகர் சாங்கான் திரும்பினார். 657 நூல்கள், புத்தர் சிலைகள், இருபது குதிரைகள் சுமந்த மூட்டைகள். திருட்டுத்தனமாகக் கிளம்பியவரை வரவேற்கத் தெருவெல்லாம் கூட்டம். துறவை விட்டுவிட்டு அரசுப் பணிக்கு வரச் சொன்னார் பேரரசர் தாய்சோங். மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டே, 646-இல், அவர் சொல்லச் சொல்லச் சீடர் பியென்ஜி எழுதிய பயண நூல் முடிந்தது. மீதி 19 ஆண்டும் மொழிபெயர்ப்புதான். 75 நூல்களை, 1,335 பகுதிகளாகச் சீனத்தில் கொண்டுவந்தார். 664-இல் இறந்தார்.

இறந்த பிறகும் அழகு அவரை விடவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் அவர் பயணத்தை வைத்து எழுதப்பட்ட மேற்கு நோக்கிய பயணம் என்ற சீன நாவலில் துறவி வெளுத்த நிறம், அழகிய முகம், மென்மையான சுபாவம். ராட்சசிகள் அவரைக் கல்யாணம் செய்யத் துடிப்பார்கள், பூதங்கள் அவர் சதையைத் தின்றால் சாகாவரம் கிடைக்கும் என்று துரத்தும். பாலைவனத்தைத் தனியாகத் தாண்டிய, பல மொழிகள் கற்ற மனிதரைக் கதை ஒரு அழகான, பயந்த சுபாவக்காரராக்கிவிட்டது. உலகத்தில் பலருக்குத் தெரிந்தது அந்தக் கதை யுவான் சுவாங்தான்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே முகம். லுவோயாங் அதிகாரிக்கு அது துறவுக்குத் தகுதி. கங்கைக் கொள்ளைக்காரருக்குப் பலிக்குத் தகுதி. நாவலாசிரியருக்குக் கதாநாயக லட்சணம். முகம் மாறவில்லை, பார்த்தவர்கள் மாறினார்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் அதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை செஞ்சிக் கோட்டைக்குப் போனால், ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சிங்கவரம் படியும் ஏறிவிட்டு வாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அங்கே நிற்கும் கொற்றவையைக் கலர் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கீழே இறங்கி வந்ததும், வீட்டில் இருக்கும் பெண்ணிடமும் அதைக் கேட்காமல் இருக்கலாம்.